நுண்கடன் தாக்க மதிப்பீடு

ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் சிறு கடன் அவர்களுடைய வாழ்வாதாரத்தை உண்மையில் எவ்வளவு உயர்த்தியது என்று அளந்தறிவதே நுண்கடன் தாக்க மதிப்பீடு. வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976-இல் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய சிறுகடன் முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று. தவணை தவறாமல் திரும்பி வந்ததே வறுமை குறைந்ததற்குச் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டது. ஆனால் சம்பாதித்துக் கட்டினார்களா, வேறிடத்தில் கடன் வாங்கிக் கட்டினார்களா என்பதை வசூல் கணக்கு சொல்லாது. கடன் வாங்காதவர்களோடு ஒப்பிட்டாலும் போதாது. துணிவும் தொழில் அனுபவமும் உள்ளவர்களே பெரும்பாலும் கடன் கேட்க முன்வருகிறார்கள். அவர்களுடைய உயர்வில் கடனின் பங்கு எது, திறமையின் பங்கு எது என்று எப்படிப் பிரிப்பது? பெண்களுக்குத் தந்த ஒவ்வொரு 100 டாக்காவுக்கும் (வங்கதேச நாணயம்) குடும்ப நுகர்வு ஆண்டுக்கு 18 டாக்கா கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் மார்க் பிட்டும் ஷாஹிதுர் கான்ட்கரும் 1998-இல் எழுதினர். அதே தரவை மறுபடி ஆராய்ந்த டேவிட் ரூட்மனும் ஜொனாதன் மோர்டக்கும் அந்த முடிவை ஏற்க மறுத்தனர்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது குலுக்கல் முறை. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் 52-ஐக் குலுக்கலில் தேர்ந்து, அங்கு முதலில் கடன் கிளைகள் திறக்கப்பட்டன. பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ, அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வில், மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டபோது தொழில் முதலீடு கூடியது தெரிந்தது. சராசரி நுகர்வு உயரவில்லை. லாபம் கூடியதும் முன்பே நன்றாக நடந்த தொழில்களில்தான். போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் இதனுடன் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடன் ஓரளவு உதவுகிறது, வாழ்க்கையைப் புரட்டிப் போடவில்லை என்பதே அவற்றின் பொது முடிவு.

பாதிப் பேருக்கு உதவியை மறுத்து ஆய்வு செய்வது அறமா என்ற கேள்வி நியாயமானது. எனினும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும் திட்டம் அரிது. யாருக்கு முதலில் என்பதைச் செல்வாக்கு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பது நேர்மையானது. ஹைதராபாத்தின் மற்றப் பகுதிகளுக்கும் பின்னர் கடன் சென்றது. ஓர் ஊரின் முடிவு இன்னோர் ஊருக்குப் பொருந்துமா என்ற ஐயத்துக்கு, பல நாடுகளில் அளந்து பார்ப்பதே விடை. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம் மிக வறியவர்களுக்குக் கடனுக்குப் பதிலாக மாடு, ஆடு போன்ற உடைமையையும் பயிற்சியையும் சில மாத உதவித்தொகையையும் தந்தது. அந்த முறை இந்தியா, பாகிஸ்தான், கானா, பெரு உட்பட ஆறு நாடுகளில் குலுக்கல் வழியே சோதிக்கப்பட்டது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அக்குடும்பங்களின் நுகர்வு உயர்ந்தே இருந்ததை 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின. எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு கொடுத்தவருடையது. வாங்கியவர் வீட்டில் என்ன மாறியது என்பதே ஒரு திட்டத்தின் உண்மையான அளவுகோல்.