குல்கந்தில் தேன் எங்கே போனது?

நாட்டு மருந்துக் கடைக்கும் பீடாக் கடைக்கும் பொதுவான சரக்கு ஒன்று உண்டு. அதுதான் குல்கந்து. பன்னீர் ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு சேர்த்து வெயிலில் ஊறவைத்துச் செய்வது. சில கடைகளில் "தேன் குல்கந்து" என்று தனி டப்பா இருக்கும். விலை சற்று கூடுதல். ஏதோ புதிதாகத் தேன் சேர்த்து விற்கிறார்கள் என்று தோன்றும். உண்மை நேர் எதிர்! ரோஜா முதலில் ஊறியது தேனில்தான். சர்க்கரை பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கிரேக்கர், ரோமர் காலம்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், ரோஜாச் சாறும் தேனும் கலந்த ஒரு மருந்தைக் குறிப்பிடுகிறார். தொண்டைக் கரகரப்புக்கு நல்லது என்கிறார். அதன் பெயர் ரோடோமெலி. ரோடான் என்றால் ரோஜா, மெலி என்றால் தேன்.

பிற்காலத்தில் பல்லாடியஸ் என்ற ரோமானியர் தன் வேளாண்மை நூலில் செய்முறையையே எழுதி வைத்தார். சுமார் அரை லிட்டர் ரோஜாச் சாற்றில் ஒரு ரோமன் பவுண்டு (ஏறக்குறைய 330 கிராம்) தேனைக் கலந்து 40 நாள் வெயிலில் வைக்க வேண்டும். இன்றைய குல்கந்துக்கும் அதே வெயில்தான்.

ஏன் தேன்? குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பூ வாடிவிடும், சாறு புளித்துவிடும். நல்ல தேனில் 17, 18 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். கிருமிகளின் உடலில் இருக்கும் நீரையும் அது இழுத்துவிடும். போதாததற்கு லேசான அமிலத்தன்மையும் உண்டு. ஒரு பருவத்தில் மட்டும் பூக்கும் பூவை ஆண்டு முழுவதும் வைத்திருக்க அன்றைய மக்களுக்குக் கிடைத்த நல்ல வழி தேன்.

பெயர் சொல்லும் கதை

பாரசீக மொழியில் 'குல்' என்றால் ரோஜா, 'அங்கபீன்' என்றால் தேன். இரண்டும் சேர்ந்து குலங்கபீன். அரபு மொழிக்குப் போனபோது அது ஜுலஞ்சபீன் ஆனது.

1037-ல் மறைந்த மருத்துவ மேதை இபின் சினா தன் புகழ்பெற்ற மருத்துவ நூலில் இதைக் காசநோய்க்குப் பரிந்துரைத்தார். சாகும் நிலையில் இருந்த ஒரு பெண் இதைத் தின்றே தேறினாள் என்றும், அவள் தின்ற அளவைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றும் எழுதினார். (காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-ல். ரோஜாவால் அந்தக் கிருமியை ஒழிக்க முடியாது என்பது இன்று தெளிவு.) ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. இபின் சினா சொன்னது சர்க்கரையில் செய்த ஜுலஞ்சபீன்! பெயரில் தேன் இருந்தது, ஜாடியில் இல்லை.

அந்தச் சர்க்கரை இந்தியாவிலிருந்து போனது. அலெக்சாண்டரின் தளபதி நியர்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இங்கே இருப்பதாக வியந்தார். அதுதான் கரும்பு. கரும்பும் சர்க்கரை காய்ச்சும் தொழிலும் ஈரானுக்குப் போயின. சமஸ்கிருத 'கண்ட' அங்கே 'கந்த்' ஆனது. நம் கற்கண்டிலும் ஆங்கிலக் கேண்டியிலும் இருப்பது அதே சொல்தான். கடைசியில் பெயரும் மாறியது. குல் + கந்த் = குல்கந்து. அதாவது ரோஜாச் சர்க்கரை.

விலை யார் கொடுத்தது?

ஒரு பொருளுக்குப் பதிலாக மலிவான இன்னொரு பொருள் வந்தால் வாங்குபவர் மாறிவிடுவார். பதிலீட்டுப் பொருள் என்று வணிகவியல் பாடத்தில் வருவது இதுதான். தேனுக்கு ஒரு வரம்பு இருந்தது. அடையைப் பிய்த்துப் பிழிந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டும், கூடு கெட்டுவிடும். கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை லாங்ஸ்ட்ராத் அமெரிக்காவில் வடிவமைத்தது 1851-ல்தான். கரும்புக்கு அந்தத் தடை இல்லை. நிலமும் ஆளும் இருந்தால் போதும்.

அந்த ஆள் யார் என்பதுதான் வேதனை. 1493-ல் கொலம்பஸ் கரும்பைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார். 1640-களில் பார்படோஸ் தீவு கரும்புத் தோட்டமாக மாறத் தொடங்கியது. ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே உழைத்துச் செத்தார்கள். அடிமை முறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1834 முதல் மொரீஷியசுக்கு இந்தியர்கள் போனார்கள். 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிக்கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. சர்க்கரை மலிவானது சும்மா இல்லை. அதில் தமிழரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

தேன் முற்றிலும் தோற்றுவிடவில்லை. 'மெல் ரோசே' என்ற ரோஜாத் தேன் 19-ஆம் நூற்றாண்டிலும் லண்டன், அமெரிக்க மருந்து நூல்களில் இருந்தது. சித்த மருத்துவத்தில் இஞ்சி, நெல்லி தேனூறல்கள் இன்றும் உண்டு.

வீட்டில் செய்ய...

மருந்து தெளிக்காத பன்னீர் ரோஜா வேண்டும். பூச்செண்டுக் கடை ரோஜா உதவாது. இதழ்களைக் கழுவி, ஈரம் போக நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு, இதழ்கள் மூழ்கும்வரை தேன் ஊற்றி, இறுக மூடுங்கள். தினமும் ஜாடியைத் தலைகீழாகத் திருப்பி வைக்கலாம். இரண்டு மூன்று வாரங்களில் மணம் இறங்கிவிடும். துளசிக்கும் இதே முறைதான். இதழில் ஈரம் இருந்தால் தேன் நீர்த்துப் புளித்துவிடும். நுரையும் புளித்த வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. சிசு பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் 1976-ல் கண்டறியப்பட்டது. தேனில் இருக்கக்கூடிய நுண்வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சேனை வைக்கும் வழக்கத்தில் நாக்கில் தேன் தடவும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். சர்க்கரை நோயாளிகளும் கவனிக்க, தேனும் சர்க்கரைதான்.

அடுத்த முறை கடையில் தேன் குல்கந்து டப்பாவைப் பார்த்தால் அதைப் புதுமை என்று நினைக்காதீர்கள். பழைய சரக்கு அதுதான். பக்கத்தில் இருக்கும் மலிவான டப்பாதான் புதியது.