தேரும் முட்டுக்கட்டையும்: 'ஹோகா' என்ற இழுவைக் கப்பலின் கதை

தேரோட்டம் பார்க்கப் போகிறவர்கள் தேரைப் பார்ப்பார்கள். சக்கரத்தடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கொஞ்சம் அசந்தால் தேர் வீட்டுச் சுவரில் போய் நிற்கும். துறைமுகத்தில் அந்த வேலையைச் செய்வது 'டக்' எனப்படும் இழுவைக் கப்பல். போர்க்கப்பல்களைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் உண்டு. இழுவைக் கப்பலுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். அதனால்தான் ஹோகாவைப் பற்றி எழுதுகிறேன்.

நியூயார்க்கில் கட்டப்பட்ட ஹோகா, 1940 டிசம்பர் 31 அன்று நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கடற்படையில் பணிக்கு வந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளான சூ மக்களின் மொழியில் 'ஹோகா' என்றால் மீன். நீளம் 100 அடிதான். டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் சுழலியைச் சுற்றும். நொடியில் முன்னும் பின்னும் மாறித் தள்ள வேண்டிய கப்பலுக்கு ஏற்ற ஏற்பாடு அது. தீயணைக்கும் நீர்ப்பீரங்கிகளும் இருந்தன.

பனாமா கால்வாய் வழியாக ஹவாயின் பேர்ல் ஹார்பருக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், 1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஹோகாவில் இருந்தவர்கள் ஒரு டஜன் பேருக்குள்தான். தலைவர் ஜோ மக்மேனஸ். அவர் பெரிய அதிகாரி அல்ல, மாலுமிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களில் ஹோகா கிளம்பிவிட்டது. அரிசோனா வெடித்து எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்திலேயே கட்டப்பட்டிருந்த பழுதுபார்ப்புக் கப்பல் வெஸ்டலுக்குக் கயிறு கொடுத்து, ஹோகா அதைத் தீயிலிருந்து விலக்கி இழுத்தது.

அடுத்து நெவாடா. அன்று புறப்பட்டு நகர முடிந்த ஒரே பெரிய போர்க்கப்பல் அதுதான். குண்டு மேல் குண்டாக விழ, அது கால்வாயோரம் தரைதட்டியது. அது கால்வாய்க்குள் மூழ்கியிருந்தால் துறைமுகத்தின் வாயே அடைபட்டிருக்கும். 583 அடி நீளக் கப்பலுக்கு 100 அடி ஹோகா தோள் கொடுத்தது. தீயை அணைத்துக்கொண்டே எதிர்க்கரைக்கு நகர்த்த உதவியது. அந்த நெவாடா செப்பனிடப்பட்டு, 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் பீரங்கி முழக்கியது.

ஹோகாவின் வேலை அதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை எரியும் கப்பல்களுக்கு நடுவே நின்று நீரை அடித்தது. பிறகு பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் பாராட்டிதழ் வழங்கினார்.

என் மனதைத் தொட்டது போருக்குப் பிந்தைய கதை. 1948-ல் ஹோகாவை ஓக்லாண்டு நகருக்குத் தீயணைப்புப் படகாகக் கொடுத்தார்கள். பெயர் மாறியது, பழைய பெருமை மறைந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்த அந்த வேலைதான் அதை உடைப்புக்குப் போகாமல் காத்தது என்று நினைக்கிறேன். சும்மா கிடந்த கப்பல்களை எவர் விட்டுவைத்தார்கள்? 1989-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

2015 முதல் ஹோகா அர்கன்சாஸ் மாநிலத்தில், நார்த் லிட்டில் ராக் நகர ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அங்கே இருக்கும் இன்னொரு கப்பல் ரேசர்பேக் என்ற நீர்மூழ்கி. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது அங்கிருந்த கப்பல் அது. அமெரிக்காவின் போர் தொடங்கிய நாளைக் கண்டது ஒன்று, முடிந்த நாளைக் கண்டது மற்றொன்று. இரண்டில் ஹோகா ஒரு குண்டுகூடச் சுடாமல் பெயர் வாங்கியது. அது கயிறும் தண்ணீரும் கொண்டு போரிட்ட கப்பல்.