கதவைச் சாத்திய கை

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகம் பார்க்கப் போனால், ராஜா வேஷக்காரரைவிடத் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆசாமியின் மேல்தான் கண் போகும். ஆகாய விமானச் சரித்திரத்தைப் படித்தபோதும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. விமானிகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள்! கீழே நின்று மூட்டை ஏற்றிக் கதவைச் சாத்துகிறவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

டிஸி-10 என்று ஓர் அமெரிக்க விமானம். அதன் சாமான் அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். மின்சார மோட்டார் கொக்கிகளை மாட்டும். பிறகு மூட்டை ஏற்றுகிறவர் ஒரு கைப்பிடியை அழுத்தினால், ஆணிகள் நகர்ந்து கொக்கிகளைப் பூட்டும். கைப்பிடி படிந்தால் கதவு பத்திரம் என்பது ஏற்பாடு.

1972 ஜூன் 12-ஆம் தேதி, டெட்ராய்ட் நகரத்தில் அந்தக் கைப்பிடி சுலபத்தில் படியவில்லை. தொழிலாளி முழங்காலால் அழுத்திப் படிய வைத்தார். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று அவர் மனத்தில் பட்டது. மெக்கானிக்கை அழைத்துக் காட்டினார். மெக்கானிக் பார்த்துவிட்டு, “போகலாம்” என்று விட்டார். கனடாவின் விண்ட்ஸர் நகரத்துக்கு மேலே கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. பிரயாணிகளின் காலடித் தளம் ஓரிடத்தில் இடிந்து, அதன் கீழே ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் சேதமாயின. விமானியின் சாமர்த்தியத்தால் 67 பேரும் பிழைத்தார்கள்.

அதே மாதம், டான் ஆப்பிள்கேட் என்ற எஞ்சினியர், இந்தக் கதவு மறுபடியும் திறக்கும், விமானமே அழியும் என்று தம் மேலதிகாரிக்கு எழுதினார். இருந்தும் கட்டாய உத்தரவு பிறக்கவில்லை. அரசாங்க அதிகாரியும் கம்பெனித் தலைவரும் பேசிக் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ செய்துகொண்டார்கள். ஆணி சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் வந்தது.

1974 மார்ச் 3-ஆம் தேதி, துருக்கி விமானம் ஒன்று பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அதன் கதவில் செய்ய வேண்டிய திருத்தம் செய்யப்பட்டதாகத் தொழிற்சாலைக் காகிதத்தில் முத்திரை இருந்தது; கதவில் திருத்தம் இல்லை. போதாக்குறைக்கு ஆணிகள் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தன. அதனால் கொக்கி சரியாக மாட்டாதபோதும் கைப்பிடி இதமாகப் படிந்தது. முழங்காலுக்கு வேலையே இல்லை!

கதவைச் சாத்தியவர் அல்ஜீரியாவில் பிறந்தவர்; மூன்று பாஷைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கதவிலிருந்த குறிப்போ இங்கிலீஷிலும் துருக்கியிலும் இருந்தது. அவர் அறிந்த மூன்றில் இரண்டுமே இல்லை. அந்தத் துவாரம் எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. வழக்கமாக அதன் வழியே பார்ப்பவர் துருக்கிக் கம்பெனியின் தலைமைத் தரை எஞ்சினியர். இல்லாவிட்டால் விமானத்தோடு செல்லும் எஞ்சினியர். முன்னவர் அன்று அங்கே இல்லை. பின்னவர் பார்க்கவில்லை. சில நிமிஷங்களில் எர்மனோன்வீல் காட்டில் 346 பேர் மாண்டார்கள். முதலில் பழி, கதவைச் சாத்தியவர் தலையில்தான் சுமத்தப்பட்டது. கதவு மாற்றம் கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெட்ராய்டில் கை எச்சரித்தது. அதைக் கேட்டவர் அலட்சியம் செய்தார். ஓர்லியில் யந்திரமே கையை ஏமாற்றியது. அங்கே பிழைக்க இருந்த ஒரே வழி, துவாரத்தின் அர்த்தம் தெரிந்த ஒரு ஜோடிக் கண். அந்தக் கண் காணாமல் போனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நஷ்டம் விழாது. கதவு வழக்கம்போல மூடிக்கொள்ளும்.

அந்தக் கண்ணுக்கு மதிப்புப் போடுவது நம் காலத்திலும் எளிதாகவில்லை. 2020-இல் தொற்றுநோயினால் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி 10 விமான நிலையங்களில் தரை வேலையைக் குத்தகைக்கு விட்டது. சுமார் 1,800 பேர் வேலை இழந்தார்கள். அது சட்ட விரோதம் என்று 2023-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் 9 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. நீதிமன்றம் எடை போட்டது தொழிலாளர் உரிமையை. அந்த 1,800 பேர் கையில் இருந்த பழக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

புதியவர்களுக்கும் கைகள் உண்டு, கற்றுக்கொள்வார்கள். ஆனால் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் பழையவர் ஒருவர் நிற்க வேண்டும். “தம்பி, கைப்பிடி படிந்தால் போதாது, துவாரத்திலும் பார்” என்று சொல்ல வேண்டும். அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கீழே சாமான் ஏற்றுகிறவர்களைச் சற்றுக் கவனியுங்கள். அவர்களில் நரைத்த தலை ஒன்று தெரிந்தால் எனக்கு மனம் நிம்மதியாகிறது.