தேனும் மிளகாயும்

உணவு வேளையில் ஒரு மிளகாயை அறியாது கடித்துவிட்டோமாயின் என் செய்கிறோம்? கண்ணில் நீர் ததும்பக் கை சர்க்கரைக் கிண்ணத்தை நாடுகிறது. காரத்தின் கொடுமையை இனிப்பு தணிக்கும் என்பதை நாம் யாரிடமும் கற்கவில்லை. நாவே நமக்குக் கற்பித்திருக்கிறது. பகைபோலத் தோன்றும் இவ்விரு சுவைகளையும் ஒரே கலத்தில் கூட்டி, தேனில் மிளகாயை ஊறவைத்து உண்ணும் வழக்கம் இன்று மேலைநாடுகளில் பெரிதும் பரவியுள்ளது. உலர்ந்த மிளகாயை இளஞ்சூடான தேனில் இட்டு, காரம் இறங்கியபின் வடித்தெடுத்து, ரொட்டியின்மேலும் பாலடைக்கட்டியின்மேலும் ஊற்றி உண்கின்றனர். நியூயார்க் நகரத்து உணவகங்களில் 2010ஆம் ஆண்டையொட்டி இது புகழ்பெறத் தொடங்கியது. அங்காடியில் அதை வாங்குவோர் புத்தம்புதிய கண்டுபிடிப்பு என்றே கருதுகின்றனர்.

உண்மை அதுவன்று. கொலம்பசின் கப்பல் அமெரிக்கக் கரையைக் காண்பதற்கு முன்பே, தேனும் மிளகாயும் ஒரு நாட்டில் ஒன்றுகூடியிருந்தன. அந்நாட்டார் அக்கூட்டுக்குத் தம் மொழியில் பெயரும் இட்டிருந்தனர். அவர்களுடைய அரசு அழிந்தது, நூல்கள் தீக்கிரையாயின, அந்தப் பெயர் மட்டும் எஞ்சி நின்றது. அப்பெயர் நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாம் நாள்தோறும் உண்ணும் வகையை ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோ நாட்டு உழவர்கள் காட்டுச் செடியிலிருந்து தோட்டப் பயிராக்கினர். அந்நாட்டின் தென்பகுதியில் சியாபா தே கோர்சோ என்னும் ஊரில் அகழ்ந்தெடுத்த மட்கலங்களை ஆய்ந்தவர்கள், இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அக்கலங்களில் மிளகாயின் சுவடு படிந்திருக்கக் கண்டு, 2013இல் அதனை வெளியிட்டனர். உண்டவர் பெயர் தெரியவில்லை. அவர் மொழியும் ஐயத்திற்கு இடமானது. ஆயினும் அவர் உண்ட காரம் மண்ணில் உறைந்து நின்று சான்று பகர்கிறது.

இனித் தேனின் கதையைக் காண்போம். இன்று உலகெங்கும் பெட்டிகளில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ, அக்காலத்து அமெரிக்காவில் இல்லை. அங்கிருந்தது கொடுக்கு இல்லாத தேனீ. நம் நாட்டில் சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் கூடு கட்டும் கொசுத்தேனீயை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். உருவில் மட்டும் பெரியது. யுகத்தான் தீபகற்பத்தில் வாழ்ந்த மாயர்கள் அதனைச் 'சூனான் கப்' என்றனர். 'தேனீச் சீமாட்டி' என்று அதற்குப் பொருள் கூறலாம். உட்குடைந்த மரத்துண்டின் இரு முனைகளையும் கல் தட்டாலோ மரத் தட்டாலோ அடைத்து, நடுவே சிறு துளையிட்டு, வீட்டருகே ஒரு கொட்டகையின் நிழலில் அடுக்கி வைத்தனர். இத்தேனீ அறுகோண அடையில் தேனைச் சேர்ப்பதில்லை. மெழுகும் பிசினும் கலந்து சிறு குடங்களைச் செய்து அவற்றுள் நிரப்பும். அந்தத் தேன் நீர்த்தது. சற்றே புளிப்பும் உடையது. ஒரு கூட்டில் ஆண்டுக்குக் கிடைப்பது ஓரிரு கிலோ அளவே. ஆதலின் அதனை அருமருந்தெனப் போற்றினர். மதரீது நகரில் இன்று காக்கப்பட்டுவரும் மாயர் சுவடியில், தேனீக்கும் தேனுக்கும் உரிய சடங்குகளைக் காட்டும் ஓவியங்கள் பல பக்கங்களில் உள்ளன.

இவ்விரண்டும் எங்கே கூடின? கூழில் கூடின. மெக்சிகோ நாட்டு மக்களின் முதன்மைத் தானியம் மக்காச்சோளம். அதனை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய கூழுக்கு அஸ்தெக்குகளின் நாவாத்து மொழியில் 'ஆதோல்லி' என்று பெயர். மிளகாய்க்குச் 'சில்லி' என்பது பெயர். தேனுக்கு 'நெகுத்லி' என்பது பெயர். மூன்றையும் சேர்த்துச் 'சில்நெகுவாதொல்லி' என்றனர். நம் இலக்கணத்தில் தொகைச்சொல் அமைவதுபோலவே மூன்று சொற்களும் இடையே உருபு எதுவுமின்றி ஒன்றாய் ஒட்டி நிற்பதைக் காண்க. மிளகாயும் தேனும் இட்ட கூழ் என்பதே அதன் பொருள். கம்பங்கூழைப் பருகியபடி மிளகாயைக் கடித்துக்கொள்ளும் நம் நாட்டு உழவருக்கு இது விளங்காத சுவையன்று.

ஒன்றை ஈண்டு மறைக்காமல் கூறவேண்டும். 'நெகுத்லி' என்ற சொல் தேனீயின் தேனையும் குறித்தது. கற்றாழை இனத்தைச் சேர்ந்த மகேய் என்னும் செடியின் இனிய சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகையும் குறித்தது. எந்த வீட்டுக் கூழில் எது கலந்தது என்று இன்று அறுதியிட இயலாது. ஆனால் இரண்டும் அரசனின் களஞ்சியத்திற்கு வந்தன என்பது உறுதி. 1541ஆம் ஆண்டையொட்டி வரையப்பெற்ற மெந்தோசா சுவடி, அஸ்தெக் பேரரசுக்கு மாநிலங்கள் செலுத்திய திறைப்பொருள்களைச் சித்திரமாகக் காட்டுகிறது. தெபெகுவகுயில்கோ மாநிலம் தேனீத் தேன் 200 சிறு சாடிகள் செலுத்தியதாக அதில் உள்ளது. வேறு மாநிலங்கள் மகேய்ப் பாகைச் சாடிகளிலும், உலர்ந்த மிளகாயை மூட்டைகளிலும் செலுத்தின. வண்டியும் பொதிமாடும் இல்லாத நாடு அது. அத்தனையும் மனிதர் முதுகில் ஏறியே தலைநகர் சேர்ந்தது. அரண்மனையில் இனித்த ஒவ்வொரு குவளைக்கும் பின்னே மலைவழி நடந்த ஒரு சுமைகாரன் இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

1521இல் அந்தத் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. வென்றவர் கோயில்களை இடித்தனர், சுவடிகளை எரித்தனர். 1562இல் யுகத்தானிலுள்ள மனி என்னும் ஊரில், தியேகோ தே லாந்தா என்னும் துறவி மாயரின் நூல்களைத் தீயிலிட்டார். மாயர் சுவடிகளில் இன்று உலகில் எஞ்சியவை நான்கே. வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்: அதே லாந்தா பின்னர் 1566ஆம் ஆண்டையொட்டி யுகத்தான் நாட்டைப்பற்றி ஒரு நூல் எழுதினார். கொட்டாத தேனீக்களைப்பற்றியும், வறுத்த சோளமாவை நீரில் கரைத்துச் சிறிது மிளகாயோ கக்காவோவோ சேர்த்துப் பருகும் வழக்கத்தைப்பற்றியும் அவர் எழுதிய குறிப்புகளையே இன்று நாம் சான்றாகக் கொள்கிறோம். எரித்த கையே எழுதியும் வைத்தது.

மெக்சிகோவின் நடுப்பகுதியில் பெர்னார்தினோ தே சாகுன் என்னும் மற்றொரு துறவி வேறு வழியில் சென்றார். 1529இல் அந்நாடு சேர்ந்த அவர் நாவாத்து மொழியைக் கற்றார். பழைய ஆட்சியைக் கண்ட முதியோரை அமர்த்தி வினவினார். அந்நாட்டு இளைஞர்களையே எழுத்தாளராகக் கொண்டார். 1577அளவில் முடிவுற்ற அந்தப் பெருநூல் 12 பகுதிகளை உடையது. இன்று பிளாரென்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. அதன் எட்டாம் பகுதியில் அரசரும் பெருமக்களும் உண்ட உணவுகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தேனிட்ட கக்காவோ பானமும், மிளகாயும் தேனும் இட்ட கூழும் அங்கே இடம்பெறுகின்றன.

அம்முதியோரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அவர்கள் கண்ட நகரம் இடிந்து போயிற்று. புதிய கொள்ளைநோய்கள் உற்றாரையும் ஊராரையும் வாரிக்கொண்டு போயின. அந்நிலையில், 'உங்கள் தலைவர்கள் என்ன உண்டார்கள்?' என்று ஒருவர் கேட்கிறார். அவர்கள் ஒவ்வொரு கூழின் பெயரையும் நினைவுகூர்ந்து சொல்கிறார்கள், இளைஞர்கள் எழுதுகிறார்கள். அன்று அவர்கள் சலித்து வாய்மூடியிருந்தால், சில்நெகுவாதொல்லி என்ற சொல் நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிட்டியிராது.

இந்தக் கூட்டுச் சுவையின் உட்பொருளை அறிவியல் மிகப் பின்னரே விளக்கிற்று. மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளுக்கு 1876இல் 'கேப்சைசின்' என்று பெயரிட்டனர். அது நீரில் எளிதில் கரையாது. ஆதலின் நீர் குடித்தால் எரிச்சல் அடங்குவதில்லை. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருந்தியல் அறிஞர் காரத்தை அளக்க ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாரத்தைச் சாராயத்தில் எடுத்துச் சர்க்கரை நீரில் கலந்து, காரம் புலப்படாமற் போகும்வரை அந்நீரை மேன்மேலும் சேர்த்துச் சுவைக்கச் செய்தார். காரத்தை அளக்கும் கோலாக இனிப்பு அமைந்தது அன்றோ! மிளகாய் உண்மையில் நாவைச் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் தட்டி, சுடுகிறது என்று எண்ணச் செய்கிறது. அந்த வாயிலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கூடியிருந்த இரண்டும் பின்னர்ப் பிரிந்தன. மிளகாய் கடல் கடந்தது. 1493ஆம் ஆண்டு சனவரியிலேயே கொலம்பசு தம் நாட்குறிப்பில், இது மிளகினும் மேலானது என்றும், ஆண்டுக்கு 50 கப்பல்கள் நிரப்பலாம் என்றும் கருதி எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியா வந்தது. அதற்குமுன் தமிழர் அறிந்த காரம் மிளகு. வந்த காய்க்கும் அம்மிளகின் பெயரையே சூட்டி 'மிளகாய்' என்றனர். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்தைத் தேனில் குழைத்து உட்கொண்ட நாடு இது; காரமும் தேனும் கூடுவது இங்கும் பழைமையே. இன்று உலர்ந்த மிளகாயை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடும் இந்தியாவே.

தேனீச் சீமாட்டியின் விதி வேறாயிற்று. ஸ்பானியர் கொணர்ந்த கரும்பு தேனின் இடத்தைக் கவர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில், மிகுதேன் தரும் ஐரோப்பியத் தேனீ யுகத்தானில் பெருகியது. 1956இல் ஆப்பிரிக்கத் தேனீயைப் பிரேசில் நாட்டுக்கு ஆய்வுக்காகக் கொணர்ந்தனர். 1957இல் அவற்றுட் சில தப்பின. அவற்றின் வழித்தோன்றல்கள் 1980களில் யுகத்தானை அடைந்தன. காடுகளும் குறைந்தன. கொட்டாத தேனீயை வளர்ப்போர் அருகினர். அண்மைக் காலத்தில் மாயர் ஊர்கள் சிலவற்றில் பெண்கள் குழுவாகக் கூடி மீண்டும் அதனை வளர்த்து வருவது மகிழ்ச்சிக்குரியது.

மாணவ நண்பர்களே! மன்னர் போர்களும் ஆண்டுக் கணக்குகளுமே வரலாறு என்று கருதிவிடாதீர்கள். கூழின் பெயர் ஒன்று, ஒரு பேரரசின் உழவையும் திறையையும் வீழ்ச்சியையும் நமக்குச் சொல்லிற்று. உங்கள் வீட்டு முதியோரும் பல உணவுகளின் பெயரை அறிவர். அவற்றுட் சில இன்று அடுப்பேறுவதில்லை. அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கேட்பார் இருந்தமையால்தான் நானூறு ஆண்டுக்குமேல் கடந்தும் அந்தத் தேனும் மிளகாயும் இன்று நம் செவிக்கு எட்டின.