கப்பற் பயணிகளின் கண்டி உலா

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது தரித்து நிற்கும் பயணிகள் கப்பலிலிருந்து இறங்கி, கண்டிக்குச் சென்று, கப்பல் நங்கூரம் தூக்குமுன் திரும்பிவிடும் ஒருநாட் பயணம். கரை உலா என்ற வகையைச் சேர்ந்தது என்றாலும் போய்ச்சேரும் ஊருக்குக் கடற்கரை கிடையாது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வீதிவழியே சுமார் 115 கி.மீ., புகையிரத வழியே சுமார் 120 கி.மீ. தூரம். இந்த உலாவின் சுவையும் இடரும் அந்தத் தூரத்திலிருந்தே பிறக்கின்றன.

தோற்றம்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை மலைக்கு வண்டிப்பாதை இல்லை. மலைநாட்டு மன்னர்கள் அதை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். காடும் கணவாயும்தான் அவர்களுடைய கோட்டைமதில். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் கடுகண்ணாவை ஏற்றத்தில் வீதியை வெட்டினார். மலையைத் துளைத்து வழி வந்தால் நாடு பறிபோகும் என்று ஒரு பழவாக்கு இருந்ததாம். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதியை நுழைத்த இடத்தை வழிகாட்டிகள் இன்றும் இந்தக் கதையோடுதான் காட்டுகிறார்கள். நாடு போன பிறகே பாறை குடையப்பட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. வேலை முடியுமுன்னே 1829இல் டோசன் இறந்துபோனார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. அதே ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

அந்நாளில் பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. காலியிலிருந்து குதிரை வண்டியில் கொழும்பு, கொழும்பிலிருந்து கண்டி என்றால் போகவே நாட்கணக்காகும். மாற்றுக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது எட்டவில்லை.

நிலைமையை மாற்றியவை மூன்று. முதலாவது, 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை. இது உல்லாசப் பயணிகளுக்காகப் போட்டதல்ல, தோட்டத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. றம்புக்கனைக்கு அப்பால் ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் பாதை ஏறுகிறது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் வெற்றுவெளி, கீழே படிப்படியாக நெல்வயல், எதிரே அலகல்ல மலை. இரண்டாவது, 1869இல் திறந்த சூயஸ் கால்வாய். மூன்றாவது, கொழும்பின் அலைதாங்கி. 1875இல் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். பத்து ஆண்டுகளில், 1885இல், தென்மேற்குக் கை முடிந்தது. தபாற் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு மாறின.

நான்காவதாகக் கரியையும் சொல்லவேண்டும். எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். கொழும்பு ஒரு கரித் தரிப்பிடம். கூலியாட்கள் கூடை கூடையாகக் கரி ஏற்றும்போது தூசி கப்பலெங்கும் படியும், அறைச் சாளரங்களை இறுக மூடிவிடுவார்கள். உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பதைவிட இறங்கிப் போவதே மேல். காலை வண்டியில் ஏறினால் மதியத்துக்குமுன் கண்டி. தலதா மாளிகையும் பேராதனைப் பூங்காவும் பார்த்து மாலை வண்டியில் திரும்பலாம். இன்று விற்கப்படும் கண்டி உலாவின் எலும்புக்கூடு அன்றைக்கே அமைந்துவிட்டது.

வந்துபோனவர்களில் ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கொவ் முக்கியமானவர். சகலின் தீவிலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பும்போது 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கிப் புகையிரதத்தில் கண்டிக்குப் போனார். இலங்கையில் அவர் கீரிகள் வாங்கியதும் பிரசித்தம். பெண் கீரி என்று சொல்லி அவர் தலையில் கட்டப்பட்ட பிராணி பின்னால் மரநாய் என்று தெரியவந்தது. கரையிறங்கிய பயணி ஏமாந்த கதைகளில் இதைவிடச் சுருக்கமானது இல்லை. 1911இல் வந்த ஜேர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே கண்டியில் வயிற்றுக்கடுப்போடு அவதிப்பட்டார். 1922இல் ஆங்கில எழுத்தாளர் டி. எச். லோரன்ஸ் சில வாரங்கள் தங்கி, அந்நாளைய வேல்ஸ் இளவரசருக்காக நடத்தப்பட்ட பெரஹரா ஊர்வலத்தைப் பார்த்தார். அவர் ஒருநாட் பயணி அல்லாததால் இங்கே பெயரளவிலேயே இடம் பெறுகிறார்.

1937இல் அரசு உல்லாசப் பயணப் பணியகம் ஒன்றைத் தொடங்கியது. மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே கொழும்பு வழியாகச் சென்ற கப்பற் பயணிகளைக் கவனிப்பதே அதன் தலையாய வேலை. இலங்கையின் சுற்றுலா நிர்வாகம் முழுவதும் கப்பலிலிருந்து இறங்கியவர்களை முன்வைத்தே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. உலகப் போரினால் 1940இல் மூடப்பட்ட பணியகம் 1948இல் மீண்டது. பின்னர் ஜெட் விமானம் வந்தது. 1967 முதல் 1975 வரை சூயஸும் மூடிக்கிடந்தது. கண்டிக்குக் கப்பலிலிருந்து வருபவர்கள் அருகிப்போனார்கள்.

பாதையும் தரிப்புகளும்

இப்போதைய உலாக்களில் பெரும்பாலானவை பஸ்ஸிலோ வானிலோ நடக்கின்றன. ஒரு வழிக்கு மூன்று, மூன்றரை மணிநேரம் ஆகும். நெரிசல் என்றால் இன்னும் கூடும். கஜுகமவில் வீதியோரம் முந்திரிப்பருப்பு, வேவல்தெனியப் பக்கம் பிரம்புப் பொருட்கள், மாவனல்லையில் வாசனைத் திரவியத் தோட்டங்கள், பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் என்று ஊருக்கொரு சரக்கு. பிரம்புக் கூடையால் யாருக்கும் நட்டமில்லை. கவனிக்க வேண்டியவை வாசனைத் தோட்டமும் இரத்தினக்கல் கடையும். தோட்டத்தில் இலவசமாகச் சுற்றிக் காட்டி, தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டு, கடைசியில் விற்பனை அறைக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே ஒரு போத்தல் தைலத்தின் விலை கண்டிச் சந்தை விலையோடு ஒட்டாது. வண்டியைக் கொண்டுவந்த சாரதிக்குக் கொமிஷன் உண்டு. காசு போவது சிறிய விடயம். முக்கால் மணிநேரம் போனால் பேராதனை போய்விடும்.

பின்னவல யானைகள் அனாதை இல்லம் 1975இல் தொடங்கப்பட்டது. கேகாலைக்கும் றம்புக்கனைக்கும் இடையில் இருப்பதால் அநேகமாக எல்லா உலாவிலும் சேர்க்கப்படுகிறது. காலையிலும் பிற்பகலிலும் யானைகளை வீதியைக் கடத்தி மா ஓயாவுக்கு இறக்குவார்கள். கூட்டமாக நீராடும் காட்சிக்கு நிகரில்லை. ஆற்றங்கரைப் பாறையில் சங்கிலி உரசும் சத்தமும் அந்தக் காட்சியில் சேர்ந்ததே. அப்பகுதியில் தனியார் நடத்தும் யானைச் சவாரிகளைத் தவிர்ப்பதே முறை.

கண்டி நகரில் பார்க்கவேண்டியது தலதா மாளிகை. புத்தரின் பல் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஏழு பேழைகளுக்குள் இருக்கிறது. வருபவர் காண்பது வெளிப்பேழையை மட்டும், அதையும் பூசை நேரத்தில் கதவு திறக்கும்போதுதான். பூசை அதிகாலையிலும், காலை ஒன்பதரை அளவிலும், மாலை ஆறரை அளவிலும் நடக்கும். காலை எட்டு மணிக்குக் கப்பலிலிருந்து இறங்கியவர் பதினொன்றரைக்கு வந்துசேருவார். மாலைப் பூசைக்கு முரசு ஒலிக்கும்போது அவருடைய கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருக்கும். விளம்பரத் துண்டுகளில் முரசும் தாமரையும் தவறாமல் இருக்கின்றன, நேரசூசி இருப்பதில்லை.

மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் அதன் எதிரே உள்ள வாவியையும் அமைத்தவர் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி என்பது இயற்பெயர். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வருபவருக்கு இந்தத் தொடர்பை வழிகாட்டிகள் எப்போதாவதுதான் சொல்கிறார்கள். நகருக்கு வெளியே 14ஆம் நூற்றாண்டுக் கோயில்களான கடலாதெனியவும் லங்காதிலகவும் தென்னிந்தியச் சிற்பிகளின் கைவண்ணம். லங்காதிலகத்தில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இவை கப்பல் உலாக்களில் பெரும்பாலும் சேர்வதில்லை.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் 147 ஏக்கர். புல்வெளி நடுவே குடைவிரித்த ஜாவா அத்தி, இரட்டைத் தேங்காய் மரங்கள், பகலெல்லாம் கிளையில் தொங்கிக் கீச்சிடும் பழந்தின்னி வௌவால்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரசமரமும் 1961இல் யூரி ககாரின் நட்ட மரமும் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. வெயில் குறைவு, படி ஏறவேண்டியதில்லை. முதியவர்களுக்கு இதைவிட ஏற்ற தரிப்பு கண்டிப் பக்கத்தில் இல்லை.

தெரிவும் பாதுகாப்பும்

கரை உலா இரு வகைப்படும்: கப்பல் நிறுவனம் விற்பது, பயணி தானே ஏற்பாடு செய்வது. முதல்வகை விலை கூடியது. ஆனால் அந்த உலாவின் பஸ் தாமதித்தால் கப்பல் வழக்கமாகக் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காக நிற்காது. காலியிலோ நீர்கொழும்பிலோ இந்த வேறுபாடு பெரிதல்ல. கண்டிக்கு அது தலைபோகிற விடயம். மழைநாளில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிந்தால் வீதி மூடப்படும். புகையிரதப் பாதையும் அதே மலையைத்தான் பிடித்துச் செல்கிறது. எட்டுக்கு வந்து ஆறுக்குப் புறப்படும் கப்பலில் கையிலிருப்பது பத்து மணிநேரம். ஏழு வீதிக்கு, அரை மணி துறைமுக வாசலுக்கு. மீதிக்குள் மாளிகையும் பூங்காவும் மட்டுமே அடங்கும், சாப்பாட்டை வண்டியில் முடித்தால். பின்னவல வேண்டுமென்றால் கண்டியை விட்டுவிட்டு அதை மட்டும் பார்த்துத் திரும்புவது புத்திசாலித்தனம். கப்பல் இரவு தங்கினால்தான் கண்டி முழுதாகக் கிடைக்கும்.

திருகோணமலையிலோ அம்பாந்தோட்டையிலோ நிற்கும் கப்பலிலிருந்து ஒரே பகலில் கண்டி போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய எம்பிரஸ் கப்பற் பயணம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றையுமே தொட்டது. கொழும்பு அதில் இல்லை.

வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி எனத் தரம் பிரித்திருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மாளிகை வாசலில் வந்து ஒட்டிக்கொள்பவர்கள், இன்று விசேட பெரஹரா என்று சொல்பவர்கள், அரச இரத்தினக் கண்காட்சி இன்றோடு முடிகிறது என்பவர்கள் ஆகியோரிடம் அட்டை இருக்காது.

மாளிகையில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பை வெளியே விடவேண்டும். நண்பகலில் கற்றரை சுடும். காலுறை அனுமதிக்கப்படுவதால் ஒரு சோடி கொண்டுபோவது நல்லது. புத்தர் சிலைக்கு முதுகுகாட்டிப் படமெடுப்பது குற்றமாகவே பார்க்கப்படும். கையில் புத்தர் உருவம் பச்சைகுத்தியிருந்த ஒரு பெண் பயணி 2014இல் நாடுகடத்தப்பட்டார். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கியது. 1998 ஜனவரிக் குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு மாளிகைச் சூழலில் உடற்சோதனை நடைமுறையில் உள்ளது; வரிசைக்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். புகையிரத வாசற்படியில் தொங்கிப் படமெடுப்பதால் ஆண்டுதோறும் விபத்துகள் நடக்கின்றன. சுரங்கமும் பாறையும் கதவுக்கு எட்டும் தூரத்தில்தான் வரும். தண்ணீர் மூடி திறக்காத போத்தலிலிருந்து. ஹெஸ்ஸேயின் வயிறு மேலே சொல்லப்பட்டது.

தேயிலைத் தொழிற்சாலைத் தரிப்பு பயனுள்ளது. ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலை 1925ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே அமைந்தது. வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுப்பவர்கள் முதலில் கேட்கவேண்டும். நாட்சம்பளம் கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. படத்துக்கு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கூடையில் குறையும். தமிழில் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

இன்றைய நிலை

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கின. 2020இல் கொரோனாவால் நின்று, 2022இன் பிற்பகுதியில் திரும்பின. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக்கான கிளை முடிந்தால் பயணநேரம் குறையும்.