கவலை, பாரம், விசாரிப்பு: பிலிப்பியர் நிருபத்தை முன்வைத்து

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை இருப்பது தமிழ்ச் சபைகள் பலவற்றில் வழக்கம். கவலையை விடச் சொல்லும் வசனம் கிடைத்த வீட்டில் அது அலமாரிக் கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டப்படும். பள்ளிக் கட்டணமும் வட்டித் தவணையும் மகளுக்கு அமையாத வரனும் நெருக்க, நடுச்சாமத்தில் புரண்டு படுக்கிற ஒருவருக்கு, சில வாரங்களுக்குள் அந்த அட்டையே குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. “விசுவாசம் இருந்தா ஏன் கவலைப்படுறீங்க?” என்று ஜெபிக்க வந்தவரும் கேட்டுவிட்டுப் போகிறார். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்வி புதிய ஏற்பாட்டைத் தவறாகப் படித்ததால் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கவலையே இல்லாத மனத்தைப் பவுல் விசுவாசத்தின் அளவுகோலாக வைக்கவில்லை. தன்னிடம் இருப்பதாகவும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சிக்கலின் ஒரு பகுதி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஒன்றுக்கும் கவலை வேண்டாம் என்று பிலிப்பியர் 4:6 சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் வருவது ‘மெரிம்னா’ என்னும் பெயர்ச்சொல்லோடு தொடர்புடைய வினை. அதே நிருபத்தில் 2:20இல் பவுல் தீமோத்தேயுவைப் புகழ்கிறார்: பிலிப்பியரின் நலனை உண்மையாகக் கருதக்கூடியவர் அவரைப் போல் வேறொருவர் தம்மிடம் இல்லை என்கிறார். அங்கும் அதே வினைதான். ஆனால் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைக் கவலை என்றும் மற்றதை விசாரித்தல் என்றும் பெயர்த்துள்ளது. இடத்துக்கு ஏற்ற நல்ல தமிழ்தான், குறை சொல்வதற்கில்லை. எனினும் விலக்கப்படுவதும் போற்றப்படுவதும் ஒரே வினை என்பது தமிழ் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2 கொரிந்தியர் 11:28இல் தம் பாடுகளையெல்லாம் அடுக்கி முடித்த பவுல், எல்லாச் சபைகளையும் பற்றிய மெரிம்னா தம்மை அன்றாடம் அழுத்துவதாகச் சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பு இங்கே கவலை என்றே போட்டிருக்கிறது. ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்று எழுதிய அப்போஸ்தலரே நாள்தோறும் கவலைப்பட்டார் என்பது இந்த ஓரிடத்தில் தமிழிலும் மறையாமல் நிற்கிறது. நம் பிரசங்கங்களில் இந்த வசனம் ஏன் இவ்வளவு அரிதாக எடுக்கப்படுகிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

மெரிம்னா என்பதற்குப் பிரித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து சொற்பிறப்பு காட்டி, கவலை என்றால் பிளவுண்ட மனம் என்று விளக்குவது பிரசங்க மேடைகளில் பரவலாக உண்டு. மொழிநூலார் பலர் இதை ஏற்பதில்லை. நினைத்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரையே சுட்டுகின்றனர். ஆனால் 1 கொரிந்தியர் 7:33, 34இல், பழைய கையெழுத்துப் படிகளின் பாடத்தில், பவுலே இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைக்கிறார்: மணமானவர் உலகக் காரியங்களுக்காகக் கவலைப்படுகிறார், அதனால் பிளவுபட்டிருக்கிறார். தமிழிலும் கவலை என்ற சொல்லுக்குக் கவர்த்துப் பிரியும் வழி என்ற பழம்பொருள் உண்டு. கவடு, கவட்டை ஆகியவை இன்றும் நம் வாயில் புழங்குகின்றன. ஒலியொற்றுமையை நம்பி வாதம் கட்டக் கூடாது. ஆயினும், எந்தப் பாதையில் கால் வைப்பது என்று தெரியாமல் கவர்வழியில் நிற்கிறவனின் நிலையைத் தமிழர் இந்த ஒரு சொல்லுக்குள் கேட்க முடிகிறது. நிற்கிறவனைத் திட்டுவதால் பாதை ஒன்றாகிவிடாது. எந்தப் பக்கம் போவது என்று அவனுக்கு யாராவது காட்ட வேண்டும்.

படித்த மொழிபெயர்ப்பில் மறைந்த இந்த இரட்டைப் பொருளைப் படிக்காத பேச்சு காப்பாற்றி வைத்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பாரம்’ என்ற சொல்லை வழங்கும் விதத்தைக் கவனியுங்கள். பாரத்தைக் கர்த்தரிடம் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். அதே மூச்சில் “அந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிங்க” என்கிறார்கள். “அந்த ஊர் மேல அவருக்கு ஒரு பாரம்” என்று ஊழியர் ஒருவரைப் பாராட்டுகிறார்கள். இறக்க வேண்டியதும் பாரம், சுமக்க வேண்டியதும் பாரம். இதைக் குழப்பம் என்று நான் கருதவில்லை. சங்கீதம் 55:22இல் பாரம் என்று நாம் படிக்குமிடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல், எபிரெய வேதாகமம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது, அவர் பங்காக வந்தது என்று பொருள் கொள்வோர் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் அதை மெரிம்னா என்றே பெயர்த்தது. 1 பேதுரு 5:7 அந்தக் கிரேக்கத்தை அடியொற்றி எழுதப்பட்டது. ஆகவே பாரமும் கவலையும் ஒரே சொல்லின் இரு கரைகள். அந்தப் பேதுரு வசனம் காரணமாகச் சொல்வதோ, கடவுளுக்கு நம்மேல் அக்கறை உண்டு என்பது. தமிழ் இதற்கும் விசாரிப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. நம் விசாரத்தை வாங்கிக்கொண்டு அவர் நம்மை விசாரிக்கிறார்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. மத்தேயு 6:30இல் உடையைக் குறித்துக் கவலைப்படுகிறவர்களை இயேசுவே அற்பவிசுவாசிகள் என்கிறாரே? அந்தச் சொல் மத்தேயுவில் வரும் இடங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்: 6:30, 8:26, 14:31, 16:8. நான்கிலும் அது வெளியாருக்குச் சொல்லப்படவில்லை, பின்பற்றி வந்த சீடர்களை நோக்கியே சொல்லப்படுகிறது. விசுவாசமின்மையைக் குறிக்க மத்தேயுவிடம் வேறு சொல் இருக்கிறது. நாசரேத்தூரைப் பற்றிப் பேசும்போது அதைப் பயன்படுத்துகிறார். அற்பம் என்பது இல்லாமை அன்று. 14:31இல் வரிசை இன்னும் முக்கியமானது. தண்ணீரில் அமிழும் பேதுருவைப் பார்த்து இயேசு முதலில் கையை நீட்டிப் பிடிக்கிறார். பிடித்த பிறகே அந்தச் சொல் வருகிறது. நாமோ கையை நீட்டாமல் கரையில் நின்று அந்தச் சொல்லை மட்டும் வீசுகிறோம்.

பிலிப்பியர் நிருபம் எழுதப்பட்ட சூழலும் இதையே உறுதிசெய்கிறது. எழுதியவர் கட்டுண்டிருந்தார். அது ரோமாபுரியா, எபேசுவா, செசரியாவா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கட்டுண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. உயிரோடு வெளியே வருவோமா என்பதும் அவருக்குத் தெரியாது. படித்தவர்களோ, படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்ட ரோமக் குடியேற்ற நகரத்தவர். அவர்களிடம்தான், தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் காக்கும் என்று 4:7இல் பவுல் எழுதுகிறார். அங்கே அவர் எடுத்தது படைக்காவலுக்குரிய சொல். காவலர் சூழ இருந்தவர், காவல் என்றால் என்னவென்று அறிந்த ஊருக்கு எழுதுகிறார். எதிரி இல்லாத நகரத்துக்குக் காவல் எதற்கு? அச்சம் வாசலில் நிற்கும்போதே உள்ளே இருக்கக்கூடிய அமைதி இது.

மூன்றே வசனங்கள் கொண்ட 131ஆம் சங்கீதமும் இத்தகைய அமைதியையே பாடுகிறது. தாயின் மடியில் அமர்ந்திருக்கும் அதன் குழந்தை பால் குடிக்கிற குழந்தை அன்று, பால் மறந்தது. வேப்பிலையை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்த தாய்மாருக்கு அந்த வேறுபாடு தெரியும். எத்தனையோ இரவு அலறித் தீர்த்த பிறகே அந்தப் பிள்ளை, பாலுக்காக இல்லாமல் அம்மாவுக்காக மடியில் வந்து உட்காரும். அமைதியை அடையும் வழியில் அழுகைக்கும் இடம் உண்டு என்று சங்கீதக்காரர் அறிந்திருந்தார்.

நடைமுறைக்கு வந்தால், தீராத பதற்றத்துக்கு மருத்துவம் பார்த்துக்கொள்பவரிடம் “ஜெபம் போதும், மாத்திரையை நிறுத்து” என்று சொல்வது கொடுமை. பெரும் தீங்கையும் விளைவிக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மருத்துவத்தைத் தன் பணியாகவே நடத்திவருகிறது, அதுவும் விசாரிப்புத்தான். பிலிப்பியர் 4:6 கவலைக்கு மாற்றாகக் காட்டுவது மௌனத்தை அன்று, வாய்விட்டுச் சொல்வதை: நன்றியோடு விண்ணப்பங்களைத் தெரியப்படுத்துவதை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் பணம் வருகிறது. பிலிப்பியர் பவுலின் நெருக்கடியில் பங்கெடுத்து உதவி அனுப்பினார்கள். எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்து கொடுத்தார். 4:6ஐ அட்டையில் அச்சிடுகிற சபை 4:18ஐத் தன் வரவுசெலவில் எழுத வேண்டாமா?

உதவி கொண்டுவந்த அந்த எப்பாப்பிரோதீத்து வந்த இடத்தில் நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போனார். அது ஊராருக்குத் தெரிந்துவிட்டது. ஊரார் கேள்விப்பட்டதை அறிந்து அவர் கலங்கினார். அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். பிழைத்தவரை விரைந்து ஊருக்கு அனுப்புகிறார்: அவர்கள் அவரைக் கண்டு மகிழ வேண்டும், தமக்கும் துக்கம் குறைய வேண்டும். 2:28இல் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘அலூபோதெரோஸ்’, ஒப்பீட்டு வடிவம். துக்கம் இல்லாதவன் என்று அதற்குப் பொருளில்லை. முன்னைவிடத் துக்கம் குறைந்தவன் என்றே பொருள். ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்பதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், அதே நிருபத்தில், அவர் தமக்கென எதிர்பார்த்தது அவ்வளவே.