பத்தமடைப் பாயும் உழைப்பின் விலையும்



கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபில் பிள்ளைகள் அமர்வது பிளாஸ்டிக் பாயில். "ஹஜ்ரத், நபியவர்கள் காலத்தில் எந்தப் பாய்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பேரீச்ச ஓலைப் பாய் என்றேன். அதில் படுத்தெழுந்த அண்ணலாரின் (ஸல்) விலாவில் அதன் தடம் பதிந்திருந்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

தமிழகத்தில் பாய் நெசவுக்குப் பெயர்பெற்றது நெல்லை மாவட்டத்துப் பத்தமடை. அங்கு லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றன. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்தி, பல நாள் நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்துவார்கள். பிறகே தறியில் ஏற்றுவார்கள். நுண்பாயில் பாவு நூல் 100 முதல் 140 எண்ணிக்கை வரை நெருங்கியிருக்கும். பட்டுபோல் மடியும் அப்பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள்.

தலைமுறைகள் மாற, தொழிலும் மாறியது. இயற்கைச் சாயத்தின் இடத்தை இரசாயனச் சாயம் பிடித்தது. எங்கள் பகுதிக்கு அருகே நாமக்கல், கரூர் காவிரிக் கரைகளில் விளையும் கோரை விசைத்தறிக்குச் செல்கிறது. பல நாள் உழைத்து நெய்யும் கைப்பாய், ஒரே நாளில் பல பாய்களை நெய்யும் இயந்திரத்தோடு விலையில் போட்டியிட முடியவில்லை. பிளாஸ்டிக் பாய் அதனினும் மலிவு. பிள்ளைகள் படிப்பையும் வெளிநாட்டு வேலையையும் நாடினர். தறியில் பெரும்பாலும் பெண்களே எஞ்சினர். புவிசார் குறியீடு பாயின் பெயரைக் காத்தது. நெய்பவரின் கூலியை அதனால் மட்டும் உயர்த்த இயலாது.

இயந்திரம் ஹராமன்று, வேறு வேலை தேடிய பிள்ளைகளும் குற்றவாளிகள் அல்லர். தன் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்றும், தாவூத் நபி (அலை) அவ்வாறே உண்டார்கள் என்றும் புகாரி நூலில் பதிவாகியுள்ளது. அந்நபிக்கு இரும்பை மென்மையாக்கிக் கவசம் செய்யக் கற்பித்ததைத் திருக்குர்ஆன் 34:10-11 வசனங்களில் அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். கைத்தொழில் நபிமார் வழி என்று மேடையில் புகழ்கிறோம். கடையிலோ பேரம் பேசுகிறோம். கைப்பாயின் விலையைக் கேட்டுவிட்டு இயந்திரப் பாயோடு வீடு திரும்பியவன் நானும்தான்.

கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நிகாஹ் வீட்டுக்குப் பாய் வாங்கும்போது, நெய்த கைக்குரிய விலையைக் குறைக்காமல் கொடுப்போம். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.